பென்சிலில் எழுதிய பெயர்

எட்டுப் பெயர்களை மேனேஜர் மையால் எழுதுவார்.
ஒன்பதாவதைப் பென்சிலால்.
ஒமாஹாவின் ஜூலைப் புழுக்கத்தில்
சுவரில் தொங்கும் ஆட்டப் பட்டியலில் மை கசியும்,
பென்சில் கசியாது.
ஹாட்ஜ்சன் அதைச் சொல்லிச் சிரிப்பான்.

என் வேலை சட்டை துவைப்பது,
ஸ்பைக்கில் அப்பிய சேற்றைச் சுரண்டுவது,
தோலுக்கு எண்ணெய் போடுவது.
மற்றவனுக்கு ஒரு கையுறை, மிஞ்சினால் இரண்டு.
இவன் பைக்குள் ஐந்து.
கேட்சருக்கு ஒரு தலையணை.
முதல் பேஸுக்கு நீண்ட அகப்பை.
வெளிக்களத்துக்கு ஆழமானது.
உள்களத்துக்குச் சிறியது, உள்ளங்கை தேய்ந்து
அடியில் நாணயம் வைத்தால்
பூவா தலையா என்று தடவியே சொல்லலாம்.
ஐந்தாவது விறைப்பாய், பழுப்பாய், அடியில் கிடக்கும்.
"இது எதற்கு?"
"கிடக்கட்டும் ஹலூஸ்கா."

புளூஃபீல்ட்ஸ்காரன். நிகராகுவாவின் கிழக்கோரம்,
வருஷத்தில் பாதிக்கு மேல் மழை.
மைதானத்தில் பாதி காயலுக்குள் போய்விடுமாம்.
மீதியில் எந்த மேடு காய்ந்திருக்கிறதோ
அங்கே நிற்க வேண்டியதுதான்.
அப்படி வந்ததாம் ஒன்பது இடமும்.

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ.
எவனுக்காவது தொடை பிடித்தால்,
எவன் மனைவிக்காவது வலி எடுத்தால்,
மூன்றாம் பேஸ் டிராஸ்க்கின் விமானம்
டென்வர் பனியில் சிக்கினால்
இவனுக்குச் சோறு.
அதனால் மொராவியன் கோயிலில் முழந்தாளிட்டும்
என்ன கேட்பது என்று தெரியாமல்
எழுந்து வந்துவிடுவானாம்.

ஒரு மே மாதம் முழுக்க ஷார்ட்ஸ்டாப்பில் நின்றான்.
இருபத்தாறு ஆட்டம், ஒரே பிழை,
அதுவும் வெயில் கண்ணில் அடித்ததால்.
மணிக்கட்டு ஆறி பெல்லாமி திரும்பிய அன்று
ஆட்டத்துக்கு முன்னால் தனியாகப் போய்
அந்த இடத்து மண்ணைக் காலால் நிரவினான்.
ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கிப் பையில் போட்டான்.
வீட்டைப் பெருக்கிவிட்டுச் சாவி கொடுக்கிற
குடித்தனக்காரன் மாதிரி.
பிறகு பெஞ்சில், என் பக்கத்தில்,
சூரியகாந்தி விதை. துப்பல்.

மேலே, பெரிய லீக்கில், மொத்தம் நூற்றுப் பதினேழு நாள்.
நான்கு நகரம், நான்கு சட்டை எண்.
வெல்மா சமையலறைக் காலண்டரில்
அந்த நாட்களை மட்டும் பச்சையால் வட்டமிட்டிருந்தாள்.
ஒரு வட்டத்தின் மேல் மட்டும் எண்ணெய்க் கறை.

அப்புறம் அந்த ஆகஸ்ட் இரவு.
இரண்டுக்குப் பதினேழு என்று தோற்றுக்கொண்டிருந்தோம்.
பிட்சர்களின் தோளை வீணாக்க வேண்டாமென்று
மேனேஜர் இவனை மேட்டுக்கு அனுப்பினார்.
ஜனம் பாதி அதற்குள் கார் நிறுத்தத்தில்.
பையின் அடியிலிருந்து ஐந்தாவது வெளியே வந்தது.
தபால் வேகத்தில் எறிந்தான்.
ஒருவன் அடித்தது ரயில்பாதை வரை போய் விழுந்தது.
அடுத்தவன் மூன்று தடவை காற்றை வீசினான்,
வீசியவனே சிரித்தான்,
நடுவர் முகமூடிக்குள் சிரித்தார்.
ஹாட்ஜ்சன் சிரிக்கவில்லை.

செப்டம்பரில் விடுவித்தார்கள். வயது முப்பத்தாறு.
முழங்காலை மடக்கினால் மிளகு உடைகிற சத்தம்.
பையை என்னிடமே விட்டான்:
"வருகிற பையன்களுக்குக் கொடு."
பேருந்து போன பிறகு திறந்து எண்ணினேன்.
நான்கு.

உள்களத்துச் சிறியதைத்தான் கொண்டுபோயிருப்பான் என்று
பத்து டாலர் பந்தயம் கட்டியிருப்பேன்.
அது இருந்தது, தேய்ந்த உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு.
விறைப்பானதைக் காணோம்.
ஒரே ஒரு இன்னிங்ஸ் பார்த்த தோல்.

மற்ற எட்டு இடத்திலும்
பந்து வரும்வரை நிற்க வேண்டும்.
அந்த மேட்டில் மட்டும்
இவன் விரலை விட்டு அது கிளம்பும்வரை
மட்டை பிடித்தவன் நிற்கிறான்,
பெல்லாமி நிற்கிறான், டிராஸ்க் நிற்கிறான்,
விளக்கைச் சுற்றும் பூச்சிகூட
நின்றதாகத்தான் எனக்கு ஞாபகம்.

அன்றைய பட்டியல் என் அலமாரியில் இருக்கிறது.
நான்கு பிட்சர்கள், நான்கும் அடித்தல், மை ஊறிப்போய்
யார் யாரென்று தெரியவில்லை.
கீழே பென்சில்.